சிவப்பு லைட்டு நீலமாகிற வரைக்கும்

இன்னும் சிவப்புதான் எரியுது. எரியட்டும், எனக்கென்ன போச்சு, வெயில் தாழ்ந்தாத்தான் வாய்க்கால் கரைக்குப் போக முடியும், அதுக்குள்ள நீலமாயிட்டாப் போதும். பேட்டரியைத் துணி துவைக்கிற கல்லு மேல சார்ஜ் ஏத்த வெச்சிருக்கேன். வீட்டுக்குள்ள வெக்கக் கூடாதுன்னுட்டா வசந்தாமணி. "வெடிக்கறதா இருந்தா கல்லு மேல வெடிக்கட்டுமுங்க, என்ற பீரோ பக்கத்துல வேண்டாம்." சர்வீஸ் பூராம் ஹைடென்ஷன் லைனோட குடும்பம் நடத்துனவன் நான், கரண்டு ஆபீஸ் போர்மேன் செங்கோடன்னா கோபி சுத்துவட்டாரத்துல தெரியாத ஆள் கெடையாது, என்ற பொண்டாட்டிக்கு விரல் தண்டி பேட்டரியைப் பாத்தா பயம். அவ பயப்படறதும் ஒரு வகையில சரிதான், லித்தியம் ஒண்ணும் சாதுவான சாமான் இல்ல. டார்ச் லைட்டு பேட்டரிக் கட்டை தீந்துட்டா செத்துப் போகும், அத்தோட செரி. இது கோவிச்சுக்கிட்டா தீப்புடிக்கும், புடிச்சா லேசுல அடங்காது. அதனால பக்கத்துல ஒரு பக்கெட்டு மணலு. பேட்டரி புதுசு இல்ல, மக நித்யகலா கல்யாணமாகிப் பெங்களூர் போறப்ப வேண்டாம்னு போட்டுட்டுப் போன லேப்டாப்போட வயித்தைக் கிழிச்சு எடுத்தது. உள்ள வரிசையா படுத்திருந்ததுல ஒண்ணு மட்டுந்தான் உசுரோட இருந்துச்சு. அதோட வால்ல கட்டைவிரல் நகம் தண்டி ஒரு சார்ஜ் போர்டு. ஏறும்போது சிவப்பு, ரொம்பிட்டா நீலம். இந்தப் பக்கம், இன்னும் சேத்து விடாம, கண்ட்ரோலர் போர்டு. பாதித் தீப்பெட்டி இருக்கும். அதோட ஒரு சிம் கார்டு, வானத்தைப் பாத்து மல்லாந்து கெடக்கற ஒரு சதுர வில்லை. மேல சுத்திட்டிருக்கற சேட்டிலைட்டை வெச்சு வில்லை நான் எங்க நிக்கறேன்னு கண்டுபுடிக்கும், போர்டு அதை வசந்தாமணி போனுக்கு அனுப்பும். செங்கோடன் இங்க நிக்கறான். இப்ப இங்க நிக்கறான். அவ்வளவுதான் அதோட சோலி. இது ஒழுங்கா நடந்தா இன்னைக்கு நான் தனியா வாய்க்காலுக்குப் போலாம். நடக்கலைன்னா பால் பூத்து வரைக்கும், அங்க இருந்து அப்படியே திரும்பி வீடு. பேச்சு அது.

பேச்சுன்னா சும்மா வந்த பேச்சில்ல, ஒரு நாள் பட்டினி கெடந்து வாங்குனது. ஐப்பசி மழைக்கு நடுவுல, வெயில் அடிச்ச ஒரு சாயங்காலம், நான் எப்பவும் போல நடந்து போனவன் ஒரு வீதியில நின்னுட்டேன். நின்னுட்டேன்னா, கால் வலிச்சு நிக்கல. எதுக்கால ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்துச்சு, அது நான் நிப்பாட்டுனது, அதுக்கு நான் குழி தோண்ட வெச்சதும் எந்தக் கல்லு குறுக்க வந்துச்சுங்கறதும் நல்லா ஞாபகம் இருக்குது. கம்பத்துல இருந்த நம்பரை வாசிக்கவும் வாசிச்சேன். நம்பர் நம்பராத்தான் இருந்துச்சு. அதுக்கப்பறம் எந்தப் பக்கம் போனா என்ற வீடுங்கறது மட்டும் இல்ல. மறந்துருச்சுன்னு சொல்றாங்க, மறக்கறதுன்னா இருந்தது போனாப்புல ஒரு பள்ளமாவது தெரியோணும், எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல. வாசல்ல இருந்த பொம்பளை, "யாரு வேணுமுங்க?"ன்னு கேட்டா. மீட்டர் பாக்க வந்தேன்னுட்டேன். நாக்கு எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க, மூளை நின்னாலும் அது நிக்கல. அவ உள்ள கூட்டிட்டுப் போனா, நானும் மீட்டரைப் பாத்து யூனிட்டை சத்தமா வாசிச்சேன், அவ தண்ணி குடுத்தா, குடிச்சுட்டு அந்த வாசப்படியிலயே உக்காந்துட்டேன். அப்பறம் யாரோ அடையாளம் கண்டு போன் பண்ணி, வசந்தாமணி ஆட்டோவுல வந்து எறங்குனா, தலை கூட வாரல. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் தலையைப் படம் புடிச்சுப் பாத்துட்டு, ஆரம்பந்தான், பயப்பட ஒண்ணுமில்லைன்னாரு. ஆரம்பம்னு சொல்லிட்டு பயப்படாதேங்கறது எந்த ஊர் நாயம்னு எனக்கு வெளங்கல. நித்யகலா போன்ல அழுதுட்டே உத்தரவு போட்டா, அப்பா இனிமே தனியா கேட்டைத் தாண்டக் கூடாது. நான் சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டேன். வசந்தாமணி, "நானும் கூட வரேனுங்க, பேசிக்கிட்டே போலாம்"னா. பொண்டாட்டி கையைப் புடிச்சுட்டு நடக்கற கெதி எனக்கு இன்னும் வரலேன்னு கத்துனேன். ஊரு முழுக்க வெளக்குப் போட்டவன் நான். அப்பத்தான் இந்த சாமானைப் பத்திச் சொன்னேன், நானே செய்யறேன், அது ரெடியாகற வரைக்கும் பால் பூத்து, ஆனதுக்கப்பறம் வாய்க்கால். அம்மாளும் மகளும் போன்ல குசுகுசுன்னு பேசி செரின்னாங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டு தோசை கூடத் தின்னேன்.

சிவப்பு. செய்யறது பெரிய வித்தையில்ல, பம்புசெட் மோட்டாருக்கு நானே டைமர் செஞ்சு வித்தவன், வீடியோவைப் பாத்தா கை தானா போகுது. போன் சார்ஜர்ல சொருகி வெச்சா போர்டு தங்கமா ஓடுச்சு. பேட்டரியில போட்டதும் கூத்து ஆரம்பிச்சுது. போர்டுக்கு வேண்டியது அஞ்சு வோல்ட்டு, பேட்டரி குடுக்கறது நாலுக்கும் கீழ, செரி, நடுவுல ஏத்திக் குடுக்கற ஒரு சின்ன சர்க்யூட்டு வெச்சேன். சும்மா இருக்கறப்ப நல்லா இருக்குது, மெசேஜ் அனுப்பற அந்த ஒரு மூச்சுல சிம்மு கரண்டை மடக்குன்னு இழுக்கும், இழுத்ததும் வோல்ட்டு எறங்கும், போர்டு செத்துரும். செத்து உடனே எந்திரிக்கும், முதல்ல இருந்து ஆரம்பிக்கும், சேட்டிலைட்டைத் தேடும், கண்டுபுடிக்கும், அனுப்பப் போகும், சாகும். தான் செத்தது அதுக்குத் தெரியாது. இப்பத்தான் முதல் தடவையா எந்திரிச்சாப்புல அவ்வளவு ஆசையாத் தேடும். ஒரு மத்தியானம் பூராம் அதைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன், நிறுத்தக் கை வரல. அப்பறம் ஒரு பெரிய கெபாசிட்டரைக் குறுக்க வெச்சேன், சிம்மு இழுக்கறப்ப அது தன்ற கையில இருந்து குடுத்துச்சு, சாவு நின்னுச்சு. நித்யகலா இதைக் கேட்டுட்டு, "அப்பா, மனுச மூளையும் ஒரு பேட்டரியாட்டத்தான், பழசானா சார்ஜ் நிக்காது, வருத்தப்படக் கூடாது"ன்னா. எனக்கு வந்ததே கோவம். நான் பேட்டரியில்ல கண்ணு, உன்ற அப்பன்னேன். படிச்ச புள்ளைங்களுக்கு எதையாவது எதோடயாவது சேத்து வெச்சுப் பேசலைன்னா தூக்கம் வராது. பேட்டரிக்கு சார்ஜ் இல்லைன்னா வெக்கமா வருது? எனக்கு வருதே.

வயரைப் பாத்தேனா? பாத்தேன். சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ், உலகம் அப்படித்தான், ஆனா ஆன்லைன்ல வாங்கற கனெக்டர்ல சிலது மாத்திப் போட்டு வரும், கலரை நம்பிச் சொருகுனா சொருகுன நொடியே போர்டு புகைஞ்சுரும். அதனால வோல்ட் மீட்டரை வெச்சுப் பாக்கோணும், மாறியிருந்தா நம்பருக்கு முன்னால ஒரு மைனஸ் கோடு வரும். பாத்தேன்னு தோணுது. தோணறதை வெச்சு லைன்ல கை வெக்க முடியுமா? எங்க கேங்குல ஒரு பழக்கம் இருந்துச்சு. சப்-ஸ்டேஷன்ல கரண்டை நிறுத்தி லைன் கிளியர் வாங்கியாச்சுன்னாலும், மேல ஏறப் போறவன் கம்பத்துல கை வெச்சுட்டு "கிளியரா?"ன்னு கேக்கோணும், கிளியர் வாங்குனவன் தன்ற பேரைச் சொல்லிப் பதில் சொல்லோணும். "கிளியர், நான் மாரப்பன்." பேர் இல்லாத கிளியருக்கு ஒருத்தனும் ஏற மாட்டான். பேரைச் சொன்னா வார்த்தைக்கு ஒரு கழுத்து வந்துரும், நாளைக்கு ஒண்ணுன்னா புடிக்கறதுக்கு. இங்க மாரப்பனுக்கு எங்க போறது, அவன் போய்ச் சேந்து வருசமாச்சு. மீட்டரை எடுத்தேன், முள்ளு ரெண்டையும் வெச்சேன், கோடு வரல. "கிளியர், நான் செங்கோடன்"னேன், சத்தமாவே சொன்னேன், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு மேல இருந்த பூனை திரும்பிப் பாத்துச்சு. செரி, ஆச்சு. ஆனா இப்பச் சொன்னாப்புல முன்னாடியும் ஒருக்காச் சொன்னேனே, அது நேத்தா, இல்ல காத்தாலயா, அப்பவும் பூனை இருந்துச்சா. சிவப்பு வயர் சேந்த எடத்துல டேப்பு சுத்தியிருக்குது, நல்லா எறுக்கி மூணு சுத்து. கருப்பு சும்மா இருக்குது, இருக்கட்டும், கருப்பு கடிக்காது. வயரைப் பாத்தேனா? எதுக்கும் இன்னொருக்காப் பாத்துருவோம். பாத்தா என்ன, இதுக்கென்ன கரண்டு பில்லா வரப் போகுது. கோடு வரல.

வசந்தாமணி மோரு கொண்டாந்து குடுத்தா. குடுத்துட்டுப் போகாம நின்னா. "ஏனுங்க, இதைச் சட்டைப்பையிலயா வெச்சுட்டுப் போவீங்க? நெஞ்சுக்கு நேரா?" பின்ன என்ன தலையில கட்டிக்கவான்னேன். "சுட்டுக்கிட்டு வந்து நிக்காதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப்பானையில துள்ளி." இந்தப் பல்லி விழாது அம்மணி, நீ போய் போனைக் கையில வெச்சிரு, மெசேஜ் வந்ததும் கூப்புடுன்னேன். சிரிச்சுட்டே போனா. என்ற பயம் அவளுக்குத் தெரியாது. வெடிக்கறது இல்ல அது. வாய்க்கால் கரையில நான் நிக்கறேன், தண்ணி போகுது, தண்ணி வர்ற பக்கம் வீடா, போற பக்கம் வீடான்னு தெரியல, தண்ணியையே பாத்துட்டு நிக்கறேன், இருட்டுது. இதுதான் வருது. படுத்தா வருது, பல்லு வெளக்கறப்ப வருது. அப்பச் சட்டைப்பையில இது இருந்தா, செங்கோடன் இங்க நிக்கறான்னு அது அனுப்பிரும், எனக்குத் தெரியாட்டியும் அதுக்குத் தெரியும். நான் செங்கோடன்னு எனக்கு யார் சொல்றதுன்னு ஒரு கேள்வி பின்னாடியே வருது, அதை மேல யோசிக்கறதில்லன்னு வெச்சிருக்கேன். மோருல பெருங்காயம் தூக்கல். நல்லாத்தான் இருக்குது. வாய்க்கால்ல இப்பத் தண்ணி விட்டிருப்பாங்க, கரையில புங்கமரம், காத்துல ஈரமண்ணு வாசம் வரும், எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான், கைய வீசி நடக்கலாம். மனுசனுக்கு வேற என்ன வேணும். பால் பூத்து வரைக்கும் போறது ஒரு நடையா, கட்டுன மாடு முளைக்குச்சியைச் சுத்தறதாட்ட. ஆனா அதுலயும் ஒரு சந்தோசம் இருக்குது, பொய் சொல்லக் கூடாது, கேட்டைச் சாத்திட்டு ரோட்டுல எறங்கற நொடி, கூட யாரும் இல்லாம, என்ற கால், என்ற ரோடு.

நீலம். எப்ப மாறுச்சுன்னு பாக்கல, பாத்துட்டே இருந்தும் பாக்கல. சார்ஜர் வயரை உருவுனேன். கனெக்டரைக் கையில எடுத்தேன். பாத்தேனா? பாத்தாச்சு, பாத்தாச்சு, கிளியர். சொருகுனேன். போர்டுல ஒரு புள்ளி கண்ணைச் சிமிட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி சிமிட்டுச்சு. சிம்மு தேடுது. வில்லை தேடுது. நான் மூச்சு விடாம நின்னேன், இப்பச் சாகும், இப்பச் சாகும்னு. சாகல. உள்ள இருந்து வசந்தாமணி கூவுனா, "வந்துருச்சுங்கோ! மேப்புல நம்ம வீடு காட்டுது. நீங்க புறக்கடையில நிக்கறதக் கூடக் காட்டுதுங்க!" பணி ஓய்வு அன்னைக்கு மாலை போட்டப்பக் கூட எனக்கு இவ்வளவு சந்தோசம் வரல. சோப்பு டப்பாவுக்குள்ள எல்லாத்தையும் மடிச்சு வெச்சேன், பேட்டரி கீழ, போர்டு மேல, வயரை மடக்கி ஓரத்துல திணிச்சேன், மூடியை அமுக்குனேன், டக்குன்னு மூடுச்சு. வெள்ளைச் சட்டையை மாட்டுனேன். டப்பாவைப் பையில போட்டேன், நல்ல கனம், கனம் இருந்தாத்தான் ஒரு சாமான் சாமானா இருக்கும். கண்ணாடியில தலை வாருனேன். நெஞ்சுல எதமா ஒரு சூடு, பையில சுடுசோத்துப் பொட்டலம் வெச்சாப்புல. வேலை செய்யறதுன்னா கொஞ்சம் சூடு இருக்குந்தானே. அப்பறம் வாசம் வந்துச்சு. அந்த வாசம் எனக்குத் தெரியும், வயர் மேல இருக்கற பிளாஸ்டிக் வேகற வாசம், வாழ்நாள் பூராம் மோந்தது, தூக்கத்துல வந்தாலும் எந்திரிச்சு ஓடுவேன். நின்னேன். யார் வீட்டுல ஷார்ட்டுன்னு யோசிச்சேன். மேல்வீடா, கடைசி வீடா, பியூஸைப் புடுங்கச் சொல்லோணும், ஆள் அனுப்போணும். நின்னு யோசிச்சேன், சீப்பு கையில இருக்குது. "அட மனுசா!"ன்னு ஒரு சத்தம், வசந்தாமணி ஓடி வந்து சேலைத் தலைப்பைக் கையில சுத்திப் பையில விட்டு டப்பாவை உருவுனா, பை கிழிஞ்சுது, புறக்கடைக்கு ஓடிக் கல்லு மேல வீசுனா, பக்கெட்டு மணலை அப்படியே கவுத்தா. மணலுக்குள்ள ஒரு சீறல். புகை. வெடிக்கல. நெஞ்சுல ஒரு சின்னக் கொப்புளம், அது பரவாயில்ல.

ஆறுனதுக்கப்பறம் குச்சியால கிளறிப் பாத்தேன். கண்ட்ரோலர் போர்டுக்கு ஒண்ணும் ஆகல. பிளஸ், மைனஸ் மாறல. கருப்பு வயர் சேந்த எடம், டேப்பு சுத்தாம விட்ட எடம், மூடியை அமுக்குனதுல மடங்கிப் போய்ப் பிளஸ் முனை மேல படுத்துருச்சு. பேட்டரி தன்னைத் தானே தின்னிருச்சு. கருப்பு கடிக்காது. எங்க வேலையில கருப்புன்னா நியூட்ரல், கரண்டு அடிக்காத வயரு, சிவப்புக்குத்தான் மரியாதை, கருப்பைச் சும்மா விட்டுப் பழகுன கை இது. புதுசா வர்ற பசங்களுக்கு நானே சொல்லிக் குடுத்தது. பேட்டரியில ரெண்டு முனையும் கடிக்கும்ங்கறது எனக்குத் தெரியாதா, தெரியும், கைக்குத்தான் தெரியல. இதுல எனக்கு ஒரு அல்ப சந்தோசம் வந்துச்சு, சொன்னா நம்ப மாட்டீங்க. இது மறந்து செஞ்ச தப்பில்ல, மறக்காம செஞ்ச தப்பு. இதை வசந்தாமணிக்குச் சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அவ மணலுக்குப் பக்கத்துல உக்காந்து மூச்சு வாங்கிட்டிருந்தா, சேலைத் தலைப்புல ஓட்டை. வாய்க்கால் போச்சுன்னேன். இன்னைக்குப் பால் பூத்துதான்னேன். "வாய்க்காலுக்கே போங்க"ன்னா. டப்பா இல்லாமயான்னேன். "இத்தனை நாளு எந்த டப்பாவுங்க வெச்சுட்டுப் போனீங்க?" அது பால் பூத்து வரைக்கும், அதுக்கெதுக்கு டப்பான்னேன். அவ சேலையைத் தட்டிட்டு எந்திரிச்சா. என்ற மூஞ்சியைப் பாக்கல. "பால் வாங்கற தூக்குப்போசியை எடுத்துட்டு உங்களுக்குப் பின்னாலயேதானுங்க வந்துட்டிருந்தேன். தினமும். நீங்க திரும்பறப்ப யாராவது வீட்டு வாசல்ல ஏறி நின்னுக்குவேன்."

எனக்குக் கோவம் வந்துச்சு, அதுக்கும் முன்னாடி வெக்கம் வந்துச்சு. கைய வீசி நடந்தது, தெரிஞ்சவன் கும்புட்டா நின்னு ரெண்டு வார்த்தை பேசினது, எல்லாத்தையும் ஒருத்தி பின்னால நின்னு பாத்திருக்கா. ஏன் சொல்லலேன்னேன். "சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?" போயிருக்க மாட்டேன். "இந்த டப்பா ஆச்சுன்னா நான் வீட்டுல உக்காந்து போனைப் பாத்துக்கலாம்னு இருந்தேன். முட்டி வலி தாங்கலீங்க"ன்னா, ஏதோ மளிகைச் சாமான் சொல்றவளாட்ட. அப்ப இது எனக்கு மட்டும் ஆன சாமான் இல்ல. இத்தனை நாளா என்ற நடை, என்ற வாய்க்கால்னு உக்காந்து வயர் ஒட்டிட்டிருந்தேன், சிமிட்டற புள்ளியைப் பாத்து அவளும் ஒரு பக்கம் சாமி கும்புட்டிருப்பா போல. "போங்க, வெளிச்சம் இருக்கறப்பவே. நான் தள்ளியே வரேன், தெரியாத ஆளாட்ட." என்னால அவளைப் பாக்க முடியல. சட்டையை மாத்திட்டு செருப்பை மாட்டிட்டு எறங்கிட்டேன்.

ரோட்டுல வெயில் மஞ்சளா இருந்துச்சு. பின்னால செருப்புச் சத்தம் கேக்குது, இத்தனை நாளு எப்படிக் கேக்காமப் போச்சு, ஒரு கால் அழுந்தியும் ஒரு கால் இழுத்தும் வர்ற சத்தம். நான் வேகத்தைக் கொறைச்சேன், அதுவும் கொறைஞ்சுது. பால் பூத்தைத் தாண்டினேன். எவ்வளவோ நாளைக்கப்பறம் தாண்டறேன், காத்து வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன், அதே காத்துதான். ரைஸ் மில்லுச் செவுரு வந்துச்சு, செவுரு முடிஞ்சுது, ரோடு ரெண்டாப் பிரிஞ்சுது. நின்னேன். ரெண்டு பக்கமும் கம்பம் நிக்குது, ரெண்டு பக்கமும் தென்னை, ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். செருப்புச் சத்தமும் நின்னுச்சு. மொபெட்டுல ஒருத்தன், "என்னுங்க போர்மேன், வாக்கிங்களா?"ன்னான், ஆமாங்கன்னேன், நாக்கு எப்பவும் போல. அவன் போய்ட்டான். இப்படிப் போலாம், தப்பா இருந்தா அவ பின்னாலதானே வர்றா, கூப்புடுவா. கூப்புட மாட்டா. நான் எங்க போனாலும் பேசாம பின்னாலயே வருவா, முட்டியை இழுத்துக்கிட்டு, இருட்டற வரைக்கும், தெரியாத ஆளாட்ட. திரும்பிப் பாக்காம, ரோட்டைப் பாத்தே கேட்டேன்.

"அம்மணி, எந்தப் பக்கம்?"

"சோத்தாங்கைப் பக்கமுங்க"ன்னா, பின்னால இருந்து. நான் போகல. அவ வந்து சேர்ற வரைக்கும் அங்கேயே நின்னேன்.